இலைச்சாறு மட்டும் போதாது

வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நைட்ரேட் கரைசலைக் கலந்து வைத்தால், சிறிது நேரத்தில் அது மஞ்சளாகி, பிறகு பழுப்பாக மாறும். கரைசலில் இருந்த வெள்ளி அயனிகள் இலையின் வேதிப்பொருள்களிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நானோ துகள்களாகத் திரண்டுவிட்டன என்பதற்கு அந்த நிறமே சாட்சி. 2004-ல் புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரியின் குழு, வேப்பிலையைக் கொண்டு தங்க, வெள்ளி நானோ துகள்களைத் தயாரித்துக் காட்டியது. நல்ல ஆய்வு அது. அதைத் தொடர்ந்து துளசி, கற்றாழை, கறிவேப்பிலை, செம்பருத்தி என்று நம் தோட்டத்துச் செடிகள் ஒன்றுவிடாமல் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தன. இன்று இந்தியாவெங்கும், குறிப்பாகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும், இந்த வகை ஆய்வுக் கட்டுரைகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் தலைப்பில் ‘பசுமைத் தயாரிப்பு’ என்ற அடைமொழி இருக்கிறது. நச்சு வேதிப்பொருளுக்குப் பதில் இலைச்சாறு, ஆகவே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதுதான் அந்தக் கட்டுரைகளின் தர்க்கம். ஆனால் ஒரு கிராம் துகளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் போனது, எவ்வளவு மின்சாரம் செலவானது, மிஞ்சியது எங்கே கொட்டப்பட்டது என்று தேடினால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

இந்தக் கேள்விகளை முதல் நாளிலிருந்தே கேட்கப் பழகியவர்கள் வேதிப்பொறியாளர்கள். வினை நடக்கிறதா என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. உள்ளே போன ஒவ்வொரு கிலோவும் எந்தக் குழாய் வழியே வெளியே வருகிறது என்று எழுதிப் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போவார்கள். நானோ பொருள் ஆய்வில் இந்தப் பார்வையைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் துறைப் பேராசிரியராக இருக்கும் சித்தார்த் பட்வர்தன். இவரும் இவரது குழுவும் எடுத்துக்கொண்ட பொருள் தங்கமோ வெள்ளியோ இல்லை, சிலிகா. மணலின் வேதி உருவம், பற்பசையிலும் டயரிலும் மருந்து மாத்திரையிலும் இருக்கிற சாதாரணப் பொருள். அந்தச் சாதாரணப் பொருளை வைத்து அவர்கள் செய்திருக்கும் வேலையைப் பார்த்தால், ஒரு நானோ பொருள் சூழலுக்கு உகந்ததா என்பதைத் தீர்மானிப்பது உள்ளே போகும் மூலிகை அல்ல, தொடக்கம் முதல் கழிவு வரை முழுக் கணக்கே என்பது தெளிவாகும். அந்தக் கணக்கு ஆய்வின் கடைசிப் பக்கத்தில் சேர்க்க வேண்டிய இணைப்பு அல்ல. எந்த வினையை ஆராய்வது என்று தேர்ந்தெடுக்கும்போதே கையில் இருக்க வேண்டியது.

நானோ பொருள்கள் அளவில் சிறியவை என்பதால் அவற்றின் கழிவும் சிறிதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். நிலைமை நேர்மாறு. ஒரு கிலோ பொருளைத் தயாரிக்க எத்தனை கிலோ கழிவு உண்டாகிறது என்று கணக்கிடும் முறை ஒன்றை வேதியியலர் ரோஜர் ஷெல்டன் 1992-ல் முன்வைத்தார். அதற்கு ‘இ-காரணி’ என்று பெயர். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் அந்த எண் 0.1-க்கும் கீழே, பெருமளவு வேதிப்பொருள்களில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள், மருந்துத் துறையில் 25-லிருந்து நூறைத் தாண்டும். எண்ணெய் ஆலை அழுக்கு, மருந்துத் தொழிற்சாலை சுத்தம் என்ற பொது எண்ணத்தைப் புரட்டிப்போட்ட கணக்கு இது. 2008-ல் மாத்யூ எக்கெல்மன், ஜூலி ஸிம்மர்மன், பால் அனாஸ்டாஸ் ஆகியோர் அதே அளவுகோலை நானோ பொருள் தயாரிப்பு முறைகள் சிலவற்றின் மீது வைத்துப் பார்த்தபோது, அவற்றில் சில மருந்துத் துறையையும் பல மடங்கு தாண்டின. காரணம் வினையில் மட்டும் இல்லை. வினை முடிந்த பின் துகள்களைக் கழுவி, பிரித்து, ஒரே அளவுள்ளவற்றைப் பொறுக்கியெடுக்கும் வேலையில் இருக்கிறது. தங்க நானோ துகள்களைப் பழைய முறையில் தூய்மைப்படுத்தக் கிராமுக்குச் சுமார் 15 லிட்டர் கரிமக் கரைப்பான் செலவானதை ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹட்சிசன் குழு எடுத்துக்காட்டியது. 2006-ல் சவ்வு வடிகட்டல் மூலம் அந்தக் கரைப்பானே தேவையில்லாமல் செய்தது. வினையைத் தொடாமல் கழுவும் படியை மட்டும் மாற்றியே இவ்வளவு சாதிக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது இலைச்சாற்றுக்கு வருவோம். இத்தகைய கட்டுரைகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் வெள்ளி நைட்ரேட் கரைசலின் அடர்த்தி ஒரு மில்லிமோலார். அதாவது ஒரு லிட்டரில் இருக்கும் வெள்ளி 0.108 கிராம். அதில் ஓர் அணுகூட வீணாகாமல் துகளாக மாறியது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ வெள்ளித் துகளுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேல் கரைசல் வேண்டும். அத்தனையையும் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுழலும் சென்ட்ரிஃபியூஜில் போட்டு, கழுவி, மறுபடி சுழற்றி, உலர்த்த வேண்டும். இலையிலிருந்து வந்த சர்க்கரை, புரதம், டானின் எல்லாம் கழிவுநீரில் கலந்திருக்கும்; அந்தக் கழிவுநீரில் வினையில் பங்கெடுக்காத வெள்ளியும் இருக்கும். ஆடி மாதத்து வேப்பிலையும் தை மாதத்து வேப்பிலையும் ஒரே சாற்றைத் தருவதில்லை. மரத்துக்கு மரம், மண்ணுக்கு மண் மாறுகிறது. துகளின் அளவும் அதோடு சேர்ந்து மாறும். எக்கெல்மன் 2015-ல் லைலா பூர்ஸாஹேதியுடன் சேர்ந்து வெள்ளி நானோ துகளின் பல தயாரிப்பு முறைகளை ஒப்பிட்டபோது, எந்த முறையை எடுத்தாலும் சுற்றுச்சூழல் சுமையின் பெரும்பகுதி வெள்ளி உலோகத்தைத் தோண்டிப் பிரித்தெடுப்பதிலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். அப்படியானால் சுமையைக் குறைக்கும் வழி, குறைந்த வெள்ளியில் கூடுதல் வேலை வாங்குவதும், ஒரு மில்லிகிராமையும் கழிவில் விடாமல் இருப்பதும்தான். எலக்ட்ரான் தரும் பொருளை மாற்றுவது அதில் சிறு பங்குதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. வசதி குறைந்த கல்லூரியில் விலையுயர்ந்த கருவிகளோ வேதிப்பொருள்களோ கிடையாது; இலைச்சாறு மூலம்தான் ஒரு முதுகலை மாணவி நானோ வேதியியலைத் தன் கையால் தொட்டுப் பார்க்கிறாள்; அதைக் குறை சொல்வது வசதி படைத்தவர்களின் பேச்சு என்பார்கள். மாணவி கற்றுக்கொள்வதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அதே மாணவி தன் செய்முறையில் போன தண்ணீரை அளக்கலாம், சுழற்றியிலும் அடுப்பிலும் ஓடிய மின்சாரத்தை மீட்டர் வைத்துப் பார்க்கலாம், கிடைத்த துகளை எடைபோடலாம், வடிநீரில் மிஞ்சிய வெள்ளியைச் சோதிக்கலாம். இதில் முதல் மூன்றுக்கும் தராசும் மீட்டரும் போதும். அவள் ஒப்பிடும் ‘வழக்கமான முறை’யும் எப்போதும் நச்சு நிறைந்தது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1951-ல் டர்கெவிச் விவரித்த தங்க நானோ துகள் தயாரிப்பில் தண்ணீரும் சோடியம் சிட்ரேட்டும்தான் பயன்பட்டன. எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலத்தின் உப்பு அது. இன்று அந்த அமிலம் தொழிற்சாலையில் பூஞ்சையை வளர்த்து நொதித்தல் மூலம் பெறப்படுகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த முறையோடு ஒப்பிட்டால் பல இலைச்சாற்று முறைகளின் மேன்மை தானாகவே நிரூபணமாகிவிடாது, நிரூபித்தாக வேண்டும்.

சிலிகாவின் கதை இன்னும் துலக்கமானது. ஆய்வுக்கூடங்களில் ஒரே அளவுள்ள சிலிகா உருண்டைகளைச் செய்ய 1968-லிருந்து நடைமுறையில் இருப்பது ஸ்டோபர் முறை. எத்தில் ஆல்கஹாலில் டெட்ரா எத்தில் ஆர்த்தோசிலிக்கேட் என்ற திரவத்தையும் அமோனியாவையும் தண்ணீரையும் சேர்த்தால் அழகான உருண்டைகள் கிடைக்கும். அந்தத் திரவம் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனால் கணக்கு வேறாகிவிடுகிறது. மணலை, அதாவது சிலிக்கான் டை ஆக்சைடை, மின்வில் உலையில் கார்பனோடு சேர்த்து 1,900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஆக்சிஜனைப் பிடுங்கிச் சிலிக்கான் ஆக்குகிறார்கள். இதற்கு மட்டுமே கிலோவுக்குச் சுமார் 11 முதல் 13 யூனிட் மின்சாரம். அந்தச் சிலிக்கானிலிருந்து இன்னும் சில படிகள் கடந்து அந்தத் திரவம். பிறகு ஆய்வுக்கூடத்தில் அந்தத் திரவத்தைத் தண்ணீரோடு வினைபுரியவைத்து, புறப்பட்ட இடமான சிலிகாவுக்கே திரும்பி வருகிறோம். ஒரு கிலோ சிலிகாவுக்கு மூன்றரைக் கிலோ அளவுக்கு அந்தத் திரவம் வேண்டும், மூன்று கிலோ ஆல்கஹால் உபபொருளாக வெளியேறும். குடுவையை மட்டும் பார்த்தால் சாதாரண அறை வெப்பம், அதிகம் நச்சில்லாத ஆல்கஹால், தொல்லையில்லாத வினை. குடுவைக்கு வெளியே உலை எரிந்துகொண்டிருக்கிறது.

நுண்துளைகள் கொண்ட சிலிகா என்றால் சுமை இன்னும் ஏறும். 1992-ல் மொபில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எம்.சி.எம்.-41 என்ற பொருளை அறிவித்தார்கள். தேன்கூடு அடுக்கில் ஒரே அளவுத் துளைகள். மருந்தைச் சுமக்கவும் வினையூக்கியைத் தாங்கவும் ஏற்றது என்று உலகமே கொண்டாடியது. சோப்பு போன்ற மூலக்கூறுகள் தண்ணீரில் தாமாகவே கூடி அச்சாக நிற்க, அந்த அச்சைச் சுற்றிச் சிலிகா படிகிறது. அப்புறம் அச்சை அகற்றித் துளையைத் திறக்க, பொருள் முழுவதையும் 550 டிகிரி அளவில் மணிக்கணக்கில் சுடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய, பெட்ரோலியத்திலிருந்து வந்த அச்சு மூலக்கூறு அனைத்தும் புகையாகிவிடும். முப்பது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்தும், இந்த வகைச் சிலிகா தொழிலில் பெரும் அளவில் இடம்பிடிக்காமல் இருப்பதற்கு இந்தச் சூளையும் அச்சின் விலையும் முக்கியக் காரணம். டயரில் கலக்கும் சாதாரண வீழ்படிவுச் சிலிகா லட்சக்கணக்கான டன்னில் ஓடிக்கொண்டிருக்கும்போது, இது ஆய்வுக்கூடத்து அலமாரியில் நிற்கிறது.

கடலில் இதே பொருளை வேறொருவர் செய்துகொண்டிருக்கிறார். டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசி தன் உடலைச் சுற்றிச் சிலிகாவால் ஓர் ஓடு கட்டிக்கொள்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் வரிசை வரிசையாகத் துளையிட்ட, மனிதக் கை இன்றுவரை எட்டிப்பிடிக்காத வேலைப்பாடு. உலகக் கடல்களில் டயாட்டம்கள் ஆண்டுதோறும் இப்படிக் கையாளும் சிலிக்கான் பல நூறு கோடி டன். உலை கிடையாது, ஆல்கஹால் கிடையாது. கடல்நீரின் குளிர்ச்சியிலேயே வேலை முடிகிறது. 1999-ல் ஜெர்மனியில் நில்ஸ் க்ரோகர், மான்ஃபிரெட் சம்பர் குழு இதன் சூட்சுமத்தைக் கண்டறிந்தது. டயாட்டத்தின் ஓட்டுக்குள் சிலாஃபின் என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் அமீன் தொகுதிகள் வரிசையாகத் தொங்குகின்றன. நீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை இழுத்துச் சேர்த்து நிமிடங்களில் திண்மமாக்குவது அந்த அமீன்களே. அதன் பிறகு இரண்டு பாதைகள் திறந்தன. அந்தப் புரதத்தையே பாசியிலிருந்தோ பாக்டீரியாவிலிருந்தோ எடுத்துப் பயன்படுத்துவது ஒன்று. அறிவியலுக்கு இனிப்பானது, ஆலைக்கு ஆகாத விலை. இரண்டாவது பாதையை எடுத்தவர்களில் பட்வர்தன் குழுவும் உண்டு: புரதத்தில் வேலை செய்யும் பகுதி எது என்று பார்த்து, அதே வேலையைச் செய்யும் எளிய, சந்தையில் கிடைக்கும் அமீனைத் தேடுவது. ஆறு நைட்ரஜன் அணுக்கள் கொண்ட ஒரு சிறு அமீன் அவர்களுக்கு நன்றாக உதவியது. இயற்கையிலிருந்து பொருளை எடுக்காமல் வேலை செய்யும் விதத்தை எடுத்துக்கொண்டதால்தான் இது ஆலைக்குப் பொருந்துகிறது.

அந்த வினையை அருகில் நின்று பார்க்கலாம். சோடியம் சிலிக்கேட்டைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். பழைய சோப்புக் கடைகளில் வாட்டர் கிளாஸ் என்று விற்ற அதே பொருள். அதில் அமீனைச் சேர்க்கிறார்கள். கரைசல் கண்ணாடி போலத் தெளிவாக, காரத்தன்மையோடு இருக்கிறது. அமிலத்தை அளந்து ஊற்றி, பி.எச். ஏழுக்கு, அதாவது நடுநிலைக்குக் கொண்டுவந்தவுடன் பால்போல் கலங்குகிறது. ஐந்து நிமிடத்தில் சிலிகா தயார். சாதாரண அறை வெப்பம், சாதாரண அழுத்தம், கரைப்பான் வெறும் தண்ணீர். ஆனாலும் அமீன் உள்ளே சிக்கியிருப்பதால் துளைகள் அடைபட்டிருக்கும். இங்கேயும் சூளைக்கு அனுப்பினால் இத்தனை சிக்கனமும் வீணாகிவிடும். 2017-ல் இந்தக் குழு வெளியிட்ட தீர்வுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி என்பேன். நடுநிலையில் சிலிகாவின் பரப்பில் எதிர்மின் சுமை இருக்கிறது, அமீனில் நேர்மின் சுமை. அதனால்தான் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பி.எச். அளவை இரண்டு வரை இறக்கினால் சிலிகா தன் சுமையை இழந்துவிடுகிறது. பிடிப்பு விட்டுப்போக, அமீன் தானாகவே தண்ணீருக்கு வந்துவிடுகிறது. சூளைக்குப் பதில் சில துளி அமிலம். வெளியே வந்த அமீனைத் திரும்பவும் அடுத்த வினைக்குப் பயன்படுத்தலாம். பி.எச்.-ஐ எவ்வளவு இறக்குகிறோம் என்பதைக் கொண்டு எவ்வளவு அமீன் உள்ளே இருக்க வேண்டும் என்பதையும் கட்டுப்படுத்தலாம். சில பயன்பாடுகளுக்கு அமீன் கொஞ்சம் உள்ளே இருப்பதே நல்லது. இந்தத் தீர்வு மேலான ஒரு மூலக்கூறைத் தேடிக் கண்டுபிடித்ததால் வரவில்லை. எந்தப் படியில் அதிக ஆற்றல் வீணாகிறது என்று கணக்கைப் பார்த்து, அந்தப் படியைக் குறிவைத்ததால் வந்தது.

‘துளைகள் எம்.சி.எம்.-41-ல் இருப்பதுபோல் ஒழுங்காக இல்லையே’ என்பது வேதியியலர்கள் சொல்லும் குறை. உண்மைதான். இந்தச் சிலிகாவின் துளைகள் ஒரே அளவில் அடுக்கிவைத்தாற்போல் இருக்காது. ஒழுங்கு அவசியமான பயன்பாடுகளும் உண்டு. ஆனால் மருந்தை மெல்ல வெளிவிடவும், நொதியைப் பிடித்து வைக்கவும், மாசை உறிஞ்சவும் தேன்கூட்டு ஒழுங்கு தேவையா என்று யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் அழகாக இருந்தது, ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். நம் கல்வியுலகம் படத்தின் அழகுக்குக் கொடுத்த மதிப்பை லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதற்குக் கொடுத்திருந்தால் இந்தத் துறை இருபது ஆண்டு முன்னாடியே வேறு இடத்துக்குப் போயிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

அதற்காக இந்தப் புதிய முறையின் கணக்கில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கணக்கைக் கேட்பவர்கள் முதலில் தங்கள் கணக்கையே காட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இந்த வினை மிகவும் நீர்த்த கரைசலில் நடக்கிறது. லிட்டருக்கு ஓரிரு கிராம் சிலிகாதான் கிடைக்கும். அப்படியே ஆலைக்குக் கொண்டுபோனால் ஒரு கிலோவுக்கு ஐந்நூறு லிட்டர் தண்ணீருக்கு மேல் ஆகும். அடர்த்தியைக் கூட்டினாலோ துகள் பிறக்கும் விதம் மாறிவிடும், சமயத்தில் எல்லாம் கூழாக உறைந்துவிடும். ஐந்து நிமிட வினை என்ற பெருமையே பெரிய கலத்தில் தலைவலி ஆகிறது: பத்துப் பேருக்கு ரசம் வைப்பவரின் கைப்பக்குவம் கல்யாணப் பந்தியின் அண்டாவில் செல்லாததுபோல, குடுவையில் நொடியில் கலக்கும் அமிலம் ஆயிரம் லிட்டர் கலத்தில் ஒரு மூலையில் தேங்கி, அங்கே பி.எச். இரண்டாகவும் மறு மூலையில் பத்தாகவும் நிற்கும். துடுப்பின் வடிவம், சுழலும் வேகம், அமிலம் விழும் இடம் எல்லாமே துகளின் துளையைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும். இதை ஆராய்வது பெயர் வாங்கித் தரும் வேலை இல்லை. ஆனாலும் கலக்கும் விதத்தையும் கலத்தின் அளவையும் தனி ஆய்வாகவே எடுத்து இந்தக் குழு செய்துவருவது பாராட்டத் தக்கது. கண்டுபிடிப்புக்கும் ஆலைக்கும் நடுவே உள்ள இந்தப் பள்ளத்தில்தான் எத்தனையோ நல்ல பொருள்கள் விழுந்து மறைந்திருக்கின்றன.

இங்கே ஒரு பெரிய ஆட்சேபம் எழும். அடிப்படை ஆய்வு செய்பவனின் கையில் ஆலைக் கணக்கைத் திணித்தால் கற்பனை முடங்கிவிடாதா? லேசர் கண்டுபிடிக்கப்பட்டபோது யாராவது அதன் மின்சாரச் செலவைக் கேட்டார்களா? புதிய இயற்பியலைத் தேடுபவரிடம் இதைக் கேட்க வேண்டாம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘நீர்ச் சுத்திகரிப்புக்குப் பயன்படும்’, ‘சூழலுக்கு உகந்தது’ என்று முதல் பத்தியிலேயே வாக்குக் கொடுக்கிற ஆய்வு, அந்த வாக்கை எண்ணால் காட்டக் கடமைப்பட்டது. கணக்குப் பார்ப்பது கற்பனையை முடக்கும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. சென்னை ஐ.ஐ.டி.-யின் டி. பிரதீப் குழு அதற்கு நேரெதிரான சான்று. குடிநீரில் கிருமியை அழிக்க வெள்ளி அயனிகளை நிதானமாக, தொடர்ந்து வெளிவிடும் பொருள் வேண்டும். கிராமத்து வீட்டில் மின்சாரமில்லாமல் வேலை செய்ய வேண்டும். விலை ஏழைக்கு எட்ட வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளோடு தொடங்கி, இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானையும் அலுமினியச் சேர்மத்தையும் கொண்டு, தண்ணீரிலேயே, மின்சாரம் இல்லாமல், ஏறக்குறைய அறை வெப்பத்திலேயே ஆற்றுமணல் போன்ற நானோ கலவையை அவர்கள் தயாரித்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் தூய குடிநீர் தர முடியும் என்று கணக்கிட்டது. கட்டுப்பாடு இருந்ததால்தான் அந்தப் பொருள் பிறந்தது. அதே குழு 2019-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது: ஆர்சனிக்கை அகற்றுவதில், நுண் அளவுச் செல்லுலோஸைக் கொண்டு கட்டிய கலவை நானோ அளவுக் கட்டமைப்பைவிட நன்றாக வேலை செய்கிறது என்று அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். நானோவில் பெயர் பெற்ற ஆய்வுக்கூடம் ‘இங்கே நானோ வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு கணக்குப் பார்ப்பதால் வருவது.

தயாரிப்பு முறை நல்லதாக இருப்பதால் பொருளும் நல்லதாகிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. இலைச்சாற்றில் பிறந்த வெள்ளித் துகளும் வெள்ளித் துகள்தான். அது சாக்கடை வழியே ஆற்றுக்குப் போனால் மீனுக்கும் பாசிக்கும் அதே கேட்டைச் செய்யும். அதுபோலவே, நடுவழியில் சுத்தமாக இருக்கும் முறை பிற்பாதியில் அழுக்காகலாம். பட்வர்தன் குழு தங்கள் சிலிகாவிலிருந்து மின்கலத்துக்கான துளையுள்ள சிலிக்கானையும் தயாரிக்க முயன்றுவருகிறது. காரணம் வலுவானது: இப்போது லித்தியம் மின்கலங்களில் இருக்கும் கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி சேமிக்கும், சிலிக்கான் 3,500-ஐத் தாண்டும். மின்னேற்றும்போது மூன்று மடங்குக்கு மேல் பருத்து நொறுங்கிவிடுவதுதான் சிலிக்கானின் பிரச்சினை. உள்ளே துளை இருந்தால் பருக்க இடம் கிடைக்கும். ஆனால் சிலிகாவைச் சிலிக்கானாக்க மக்னீசியத்தோடு சேர்த்து 600 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். மக்னீசியம் உற்பத்தியோ நிலக்கரியைப் பெருமளவு தின்னும் தொழில். எனவே ஐந்து நிமிட அறைவெப்ப வினையைச் சுட்டிக்காட்டி அந்த மின்கலத்தை யாரும் சான்றளித்துவிடக் கூடாது. மக்னீசியத்தை மீட்டெடுக்கிறார்களா, வெப்பத்தைத் திரும்பப் பயன்படுத்துகிறார்களா என்று பார்த்தாக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடியான அக்கறை இருக்கிறது. சோடியம் சிலிக்கேட் தயாரிக்க மணலையும் சோடா ஆஷையும் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். அந்த வினையிலேயே கரியமில வாயு வெளியேறுகிறது. இந்த உலையைத் தவிர்க்கும் மூலப்பொருள் நம் அரிசி ஆலைகளில் மலையாகக் கிடக்கிறது. ஒரு டன் நெல்லிலிருந்து சுமார் 200 கிலோ உமி. அதைக் கொதிகலனில் எரித்தால் 40 கிலோ அளவுக்குச் சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிகா. அளவான வெப்பத்தில் எரித்திருந்தால் அந்தச் சிலிகா காஸ்டிக் சோடாவில் கொதிநீர் வெப்பத்திலேயே கரைந்துவிடும். மிகையான வெப்பத்தில் எரிந்த சாம்பலில் சிலிகா படிகமாகிவிடுவதால் எளிதில் கரையாது. ஆக, கொதிகலனை இயக்குபவரின் கைப்பழக்கமே பிற்பாடு நானோ பொருளின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உமிச் சாம்பலிலிருந்து வீழ்படிவுச் சிலிகா எடுக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. குட்இயர் நிறுவனம் உமிச் சாம்பல் சிலிகாவை டயரில் பயன்படுத்தப்போவதாக 2014-ல் அறிவித்தது. காவிரிப் படுகையின் சாம்பலையும் அறைவெப்ப அமீன் வினையையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வுக்கு ஷெஃபீல்டுவரை போக வேண்டியதில்லை. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு வேதிப்பொறியியல் துறை தாராளமாக எடுத்துச் செய்யலாம்.

ஆனால் எடுத்துச் செய்பவர்கள் முதல் நாளே எழுத வேண்டிய வரி ஒன்று உண்டு. சோடியம் மெட்டாசிலிக்கேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்கினால் 60 கிராம் சிலிகாவுக்கு 117 கிராம் சமையல் உப்பு மிஞ்சும். சிலிகாவைவிட இரு மடங்கு உப்பு. சிலிகா விகிதம் கூடிய சிலிக்கேட்டில் தொடங்கினால் இந்த அளவு குறையும், மறையாது. கரைந்த உப்பு எங்கே போகும் என்பதை நொய்யல் கரை விவசாயிகளிடம் கேட்டால் தெரியும். சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறுகளும் வயல்களும் கெட்டு, கடைசியில் 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும்வரை போனது. அங்கே ஆற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு, நாம் தினமும் சாப்பிடும் உப்புக்கு உண்டு. இருமுனைச் சவ்வு மின்பகுப்பின் மூலம் உப்புநீரைத் திரும்பவும் அமிலமாகவும் காஸ்டிக் சோடாவாகவும் பிரிக்க முடியும். அப்படிச் செய்தால் சாம்பலைக் கரைக்கத் தேவையான காரமும், நடுநிலையாக்கத் தேவையான அமிலமும், அமீனைக் கழற்றத் தேவையான அமிலமும் அதே ஆலைக்குள்ளேயே சுழன்று வரும். அதற்கு மின்சாரம் வேண்டும், சவ்வுக்கு விலை உண்டு, உப்புநீரில் கலந்திருக்கும் அமீன் அந்தச் சவ்வை என்ன செய்யும் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.